கேள்வி பதில்: 30 கிலோமீட்டர் உயரத்தில் திசை மாறும் காற்று

கேள்வி: துருவத்துக்கு மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் (மேகமும் மழையும் உருவாகும் அடுக்குக்கு மேலுள்ள காற்றடுக்கு) சில நாட்களிலேயே 30, 40 டிகிரி சூடேறிவிடும் என்று படித்தேன். எத்தனை டிகிரி ஏறினால் அதைப் ‘பெரிய’ வெப்பமேற்றம் என்பார்கள்?

பதில்: டிகிரி அதைத் தீர்மானிப்பதில்லை, காற்றுதான் தீர்மானிக்கிறது. குளிர்காலத்தில் துருவத்தைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு பெருங்காற்று சுழலும்; இதுதான் துருவச் சுழல். 60 டிகிரி அட்சரேகையில், அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் உயரத்தில், அதாவது சுமார் 30 கிலோமீட்டரில், உலகைச் சுற்றிவரும் அந்த வட்டம் முழுவதற்கும் காற்றின் சராசரியை எடுக்கிறார்கள். வடக்கில் நவம்பர் முதல் மார்ச்சுக்குள் இந்தச் சராசரி பூஜ்யத்தைத் தாண்டி எதிர்த்திசைக்குப் போனால் பெரிய நிகழ்வு. எவ்வளவு சூடேறினாலும் காற்று திரும்பவில்லை என்றால் சிறியது. திரும்பிய காற்று ஏப்ரல் முடிவதற்குள் குறைந்தது 10 நாட்களாவது தொடர்ந்து பழைய திசையில் வீச வேண்டும். இல்லையேல் அது ஆண்டுதோறும் வசந்தத்தில் சுழல் கலையும் ‘இறுதி வெப்பமேற்றம்’, கணக்கில் சேராது.

நான் தினமும் பார்ப்பது இந்தச் சராசரிக் காற்றின் வரைபடத்தைத்தான். பூஜ்யக் கோட்டை ஒட்டி வளைவு இறங்கிவரும் நாட்களில் வேறு வேலை ஓடாது. ஆனாலும் அந்தக் கோட்டையே வேதவாக்காகக் கொள்ளக் கூடாது என்பேன். 2019 செப்டம்பரில் அண்டார்டிகாவுக்கு மேலே கடுமையாகச் சூடேறியது. காற்று வெகுவாகத் தளர்ந்தது, ஆனால் திரும்பவில்லை. விதிப்படி சிறிய நிகழ்வு. அந்த ஆண்டின் ஓசோன் துளையோ, 1980களின் தொடக்கத்துக்குப் பிறகு காணாத அளவுக்குச் சுருங்கிப்போனது. இதைச் ‘சிறியது’ என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை. பட்டியல் போட ஓர் எல்லை வேண்டும், சரி. நிகழ்வின் வலிமையை அறிய, கோட்டைத் தாண்டியதா என்பதோடு நிற்காமல், காற்று எவ்வளவு வேகம் இழந்தது, எத்தனை நாள் அப்படியே கிடந்தது என்றும் பார்க்க வேண்டும்.

கேள்வி: சுழல் ‘விலகியது’, ‘பிளந்தது’ என்றும் எழுதுகிறார்களே?

பதில்: அது வடிவத்தை வைத்துச் செய்யும் பிரிவு. கீழுள்ள காற்றடுக்கிலிருந்து மேலெழும் காற்றுப் பேரலைகளில் ஒரு முகடு மட்டும் ஓங்கினால் சுழல் துருவத்தை விட்டு ஒரு பக்கமாகத் தள்ளப்படும். இரு முகடுகள் எதிரெதிரே நெருக்கினால் இரண்டாகப் பிளக்கும். 2009 ஜனவரியிலும் 2018 பிப்ரவரியிலும் நடந்தவை பிளவுகள்; 2018இன் பிளவுக்குப் பின் ஐரோப்பா கடுங்குளிரில் உறைந்தது. 2002 செப்டம்பரில் தென்துருவச் சுழல் பிளந்தபோது ஓசோன் துளையும் கூடவே இரண்டானது. தெற்கில் காற்றே திரும்பிய பெரிய நிகழ்வாகப் பதிவானது அது ஒன்றுதான். வடக்கில் இமயமும் ராக்கி மலைகளும் பரந்த நிலப்பரப்பும் அலைகளை எழுப்பிக்கொண்டே இருக்கின்றன. தெற்கில் பெரும்பகுதி கடல்.

கேள்வி: வெயிலே இல்லாத துருவ இரவில் வெப்பம் எங்கிருந்து வருகிறது?

பதில்: அலைகள் உடைந்து சுழலைத் தளர்த்தும்போது துருவத்துக்கு மேலுள்ள காற்று கீழிறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்குகிறது. சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சூடாவது போல, அமுங்கிய காற்றும் சூடேறுகிறது. 1952இல் பெர்லினில் வானிலையாளர் ரிச்சர்ட் ஷெர்ஹாக் பலூன் கருவிகளில் முதலில் கண்டது இந்த வெப்பத்தைத்தான்.