சளி மாத்திரையும் ஊக்கமருந்துப் பரிசோதனையும்

கேள்வி: என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். 400 மீட்டர் ஓட்டக்காரன். இராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கில் பயிற்சி எடுக்கிறான். அடுத்த மாதம் தேசிய அளவிலான போட்டி இருக்கிறது. வாடைக்காற்று தொடங்கியதிலிருந்து தீராத மூக்கடைப்பு. மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டான். பயத்தில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் சிறுநீர் கொடுத்துப் பார்த்தோம். ‘ஆம்பெட்டமின் பாசிட்டிவ்’ என்று சீட்டு வந்துவிட்டது. அவனுக்குத் தடை விதித்துவிடுவார்களா? மாத்திரை அட்டையின் படத்தை இணைத்துள்ளேன்.
– ஒரு தந்தை, தேவிபட்டினம்

மருத்துவர் பதில்: அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு உங்கள் மகன் ஆம்பெட்டமின் என்ற ஊக்கியை (நரம்பு மண்டலத்தைத் தூண்டும் மருந்தை) உட்கொண்டதாக யாரும் முடிவு கட்ட முடியாது. படத்தில் உள்ள மாத்திரையில் 60 மில்லிகிராம் சூடோஎபிட்ரின் என்ற மூக்கடைப்பு மருந்து இருக்கிறது. தனியார் கூடங்களில் செய்யப்படும் அட்டைப் பரிசோதனை எதிர்ப்புரதங்களைக் (குறிப்பிட்ட மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொள்ளும் புரதங்களைக்) கொண்டு இயங்குவது. அவை மூலக்கூறின் சாயலைத்தான் அறியும். ஆம்பெட்டமினின் சாயல் சூடோஎபிட்ரினுக்கும் இருப்பதால், அண்ணனைத் தேடி வந்தவர்கள் தம்பியைப் பிடித்துக்கொண்டு போவதுபோல, அட்டையில் தவறான முடிவு வருவதுண்டு. ‘இது முதற்கட்ட முடிவு மட்டுமே’ என்று அந்தச் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் உங்கள் வீட்டில் இத்தனை கலக்கம் வந்திருக்காது.

போட்டியில் எடுக்கப்படும் மாதிரி இப்படிச் சோதிக்கப்படுவதில்லை. குறைந்தது 90 மில்லிலிட்டர் சிறுநீர் பெறப்பட்டு, வீரரின் கண்முன்னே ‘ஏ’, ‘பி’ என்ற இரண்டு குப்பிகளில் பிரித்து முத்திரையிடப்படும். ஆய்வுக்கூடத்துக்கு எண் மட்டும்தான் போகும், பெயர் போகாது. நம் நாட்டில் அந்த ஆய்வு புது தில்லியிலுள்ள தேசிய ஊக்கமருந்து ஆய்வகத்தில் நடக்கிறது. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் காலத்தில், ஊக்கிகள் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் அணு இருப்பதைப் பயன்படுத்தி, அதை மட்டும் உணரும் கருவி பொருத்திய வாயு நிறப்பிரிகையால் (கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறையால்) தேடினார்கள். இன்று சிறுநீரைச் சற்று நீர்க்கச் செய்து, திரவ நிறப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும் (மூலக்கூறுகளை எடைபோடும் கருவியும்) இணைந்த கருவிக்குள் நேரடியாகவே செலுத்திவிட முடிகிறது. கலவையிலுள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு மெல்லிய குழாயைத் தனக்குரிய நேரத்தில் கடந்து வெளியேறும்; பிறகு மின்னேற்றம் பெற்று, எடை பார்க்கப்பட்டு, உடைக்கப்படும். சூடோஎபிட்ரின் 166 என்ற எடையில் தென்பட்டு, ஒரு நீர் மூலக்கூறை இழந்து 148 ஆகும். வேதனை என்னவென்றால், எபிட்ரின் என்ற இன்னொரு ஊக்கியும் இதே 166, இதே 148தான். இரண்டிலும் அணுக்கள் ஒன்றே, முப்பரிமாணத்தில் அவை அமைந்திருக்கும் விதம் மட்டுமே வேறு. ஆகவே எடையை மட்டும் நம்பாமல், குழாயைக் கடக்கும் நேரத்தையும், துண்டுகளின் விகிதத்தையும், கூடவே ஓட்டப்படும், பெயர் தெரிந்த தூய பொருளின் மாதிரியோடு ஒப்பிட்ட பின்னரே பெயர் சொல்வார்கள்.

இந்த வேறுபாடு உங்கள் மகனுக்கு முக்கியமானது. எபிட்ரினுக்கு வரம்பு ஒரு மில்லிலிட்டர் சிறுநீருக்கு 10 மைக்ரோகிராம், சூடோஎபிட்ரினுக்கு 150. ஆம்பெட்டமினுக்கு அப்படி வரம்பே கிடையாது, இருந்தாலே குற்றம். அதே மியூனிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் ரிக் டிமான்ட், ஆஸ்துமா மருந்தில் இருந்த எபிட்ரினால் தங்கப் பதக்கத்தை இழந்தார். கருவியால் பொருளையும் அளவையும் சொல்ல முடியுமே தவிர, எதற்காகச் சாப்பிட்டார் என்று சொல்ல முடியாது. எனவே மாதிரி கொடுக்கும்போது படிவத்தில் கடந்த நாட்களில் எடுத்த மருந்துகள் அனைத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

ஊக்கிகள் போட்டிக் காலத்தில் மட்டுமே தடை செய்யப்பட்டவை. அந்தக் காலம் போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11.59க்குத் தொடங்குகிறது. சூடோஎபிட்ரினை அதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குக் கேட்டால், ஒரு மாதம் அவகாசம் இருக்கும்போது இன்றே நிறுத்திவிடலாம். மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்கலாம், உப்புநீர்ச் சொட்டு விடலாம். ஆக்சிமெட்டாசோலின் மூக்குச் சொட்டுக்கும் தடையில்லை, ஆனால் நான்கைந்து நாளுக்கு மேல் வேண்டாம். நம் கடற்கரை வெயிலில் வியர்த்து வறண்டால் சிறுநீர் அடர்ந்து, மருந்தின் அளவும் கூடித் தெரியும், ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.018க்கு மேல் போனால் ஆய்வகமே வரம்பை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும். அதற்குப் பயந்து குடம் குடமாகக் குடித்தாலும் பயனில்லை. 90 மில்லிலிட்டர் மாதிரியில் ஒப்படர்த்தி 1.005க்குக் கீழே இருந்தால் மறுபடியும் உட்காரவைத்து இன்னொரு மாதிரி வாங்குவார்கள்.

மருந்துக்கடையில் அட்டையிலிருந்து நான்கு மாத்திரையை வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பெயர் அச்சிட்ட பகுதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். உடற்பயிற்சிக் கூடத்தில் விற்கும் ‘சக்திப் பொடி’ விஷயத்தில் எனக்கு இன்னும் பயம் அதிகம்: மீதைல்ஹெக்ஸேன்அமீன் என்ற தடை செய்யப்பட்ட ஊக்கி அத்தகைய பொடிகளில் வேறு பெயர்களில் ஒளிந்திருந்ததுண்டு. தேநீரும் காபியும் குடிக்கலாம்; காஃபீன் 2004ஆம் ஆண்டிலேயே தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.