ஏபி ப்ரீகால்குலஸ் எடுக்கலாமா? புதிதாக வந்த ஒரு தாய்க்குப் பதில்

சகோதரி, மதுரையில் ஒன்பதாம் வகுப்பு முடித்த மகளோடு சென்ற கோடையில் நியூ ஜெர்சிக்கு வந்ததாகவும், அவள் இப்போது பத்தாம் வகுப்பில் அல்ஜீப்ரா 2 படிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ப்ரீகால்குலஸ் என்பது கால்குலஸுக்கு (நுண்கணிதத்துக்கு) முன்படியான பாடம். பள்ளியில் வரும் ஆண்டு புதிதாகத் தொடங்கவிருக்கும் ஏபி ப்ரீகால்குலஸை, அதாவது கல்லூரித் தரத்தில் நடத்திப் பொதுத் தேர்வும் வைக்கும் வகுப்பை, எடுக்கச் சொல்வதா, பள்ளி தானே ஏற்கெனவே நடத்தும் மேல்தர வகுப்பான ஹானர்ஸ் ப்ரீகால்குலஸ் போதுமா என்பது உங்கள் கேள்வி. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் பயிற்சி மையம் குறித்தும், எந்த ஊரில் வீடு பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பதில் சொல்லப் பலர் இருக்கிறார்கள். எந்தப் பாடத்தை எடுப்பது என்பதைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன், ஏனெனில் இங்கு வந்திறங்கிய புதிதில் எங்கள் குடும்பம் அதிகம் அலைக்கழிந்தது அதில்தான்.

முதலில் அந்தப் பாடம் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். ஏபி, எஸ்ஏடி தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பு 2023ஆம் ஆண்டு இலையுதிர் பருவத்தில் இதைத் தொடங்கியது; முதல் தேர்வு 2024 மே மாதம் நடந்தது. பாடத்திட்டத்தில் நான்கு அலகுகள் உள்ளன. பல்லுறுப்புக் கோவைகளும் விகிதமுறு சார்புகளும் முதல் அலகு, அடுக்குக்குறிச் சார்புகளும் மடக்கைகளும் இரண்டாவது, முக்கோணவியலும் துருவ ஆயங்களும் மூன்றாவது. துணையலகுச் (பாராமெட்ரிக்) சமன்பாடுகள், வெக்டர்கள், அணிகள் ஆகியவை நான்காவது அலகில் வருகின்றன. மே மாதத் தேர்வில் முதல் மூன்று அலகுகளிலிருந்து மட்டுமே கேட்கிறார்கள். நான்காவதை நடத்துவதும் விடுவதும் பள்ளியின் விருப்பம்.

என் முதல் எச்சரிக்கை இதைப் பற்றியதே. பன்னிரண்டாம் வகுப்பில் உங்கள் மகள் ஏபி கால்குலஸில் கூடுதல் பாடங்கள் கொண்ட கால்குலஸ் பிசி எடுக்க நினைத்தால், அங்கே துணையலகுச் சார்புகளும் வெக்டர்களும் காத்திருக்கின்றன. பதினோராம் வகுப்பில் நான்காவது அலகை விட்டுவிட்ட பிள்ளை அவற்றை அங்கேதான், மிக வேகமாக ஓடும் ஒரு வகுப்பில், முதன்முறையாகச் சந்திக்கும். ஆகவே ஏபி என்ற இரண்டு எழுத்தைக் கண்டதும் அது ஹானர்ஸைவிட ஆழமானது என்று முடிவுகட்டாதீர்கள். நல்ல ஆசிரியர் நடத்தும் ஹானர்ஸ் வகுப்பு சில பள்ளிகளில் இதைவிடக் கூடுதலாகவே கற்பிக்கிறது. நான்காவது அலகை நடத்துவார்களா, இந்த வகுப்பிலிருந்து நேராகப் பிசிக்குப் போக விடுவார்களா, முதல் ஆண்டு நடத்தப்போகும் ஆசிரியர் யார் ஆகிய மூன்றையும் கணிதத் துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலர் நல்லவராக இருக்கலாம், ஆனால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கும் அவருக்கு ஒரு பாடத்தின் உள்ளடக்கம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

எழுத்தில் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து 2000களின் தொடக்கத்தில், கல்வியாண்டின் நடுவில் வந்தோம். மூத்தவன் அப்போது எட்டாம் வகுப்பு. அவனுடைய மதிப்பெண் சான்றிதழில் 'கணிதம்' என்று ஒரே வரிதான் இருந்தது. அல்ஜீப்ரா என்றோ ஜியோமெட்ரி என்றோ தனிப் பெயர் இல்லாததால், அவன் ஒன்றுமே படிக்கவில்லை என்று கொண்டு மிகக் கீழான கணித வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ் என்பது இங்குள்ள படிவரிசை. ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 தொடங்கும் பிள்ளை சாதாரணமாகப் போனால் பள்ளி முடிவதற்குள் கால்குலஸைத் தொடுவதில்லை. இதை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்குத் தரும் எச்-4 விசாவில் வந்த எனக்கு அப்போது வேலை பார்க்க அனுமதி கிடையாது. எங்களைப் போன்றவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த அனுமதி 2015இல்தான் வந்தது. அந்த வெறுமையான பகல்களில் பள்ளியின் பாடத்திட்டக் கையேட்டை வரி வரியாகப் படித்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த கணிதப் புத்தகத்தின் பொருளடக்கத்தை ஆங்கிலத்தில் எழுதி எடுத்துப்போய், தகுதித் தேர்வு ஒன்று வைக்கும்படி கேட்டுப் பெற்றேன். அதன் பிறகே அவனை மேல் வகுப்புக்கு மாற்றினார்கள். தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் அன்று அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து வாதாடியதை இன்றும் பெருமையாகவே நினைக்கிறேன். உங்கள் மகள் சரியான படியில்தான் நிற்கிறாள். அந்தப் பெரிய கவலை உங்களுக்கு இல்லை.

இரண்டாவது எச்சரிக்கை நம்மவர்களைப் பற்றியது. வார இறுதி விருந்துகளில், "இங்கே கணக்கெல்லாம் ஒன்றுமே இல்லை, நம் ஊரில் எட்டாவதிலேயே முடித்தது" என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். இந்தத் தேர்வில் கொள்குறி வினாக்கள் 40, விரிவாக எழுதும் வினாக்கள் 4. அந்த நான்கில் இரண்டு, ஒரு நடைமுறைச் சூழலைச் சார்பாக மாற்றி, ஏன் அப்படிச் செய்தோம் என்று ஆங்கில வாக்கியங்களில் காரணம் எழுதச் சொல்பவை. மடக்கை வாய்பாடுகளைத் தலைகீழாகச் சொல்லும் நம் பிள்ளைகள் அங்கேதான் திணறுகிறார்கள். கால்குலேட்டரைத் தொடாமலே படித்து வந்தவளுக்கு வரைபடக் கால்குலேட்டரும் புதிது. தேர்வு போக, இங்கு ஒவ்வொரு வீட்டுப்பாடமும் சிறுதேர்வும் இறுதி கிரேடில் சேர்கின்றன. ஆண்டின் கடைசி மாதத்தில் விழித்திருந்து படித்து ஈடுகட்டும் நம் ஊர் வழக்கம் இங்கு எடுபடாது. பதினோராம் வகுப்பில் அமெரிக்க வரலாறும் அறிவியலும் எஸ்ஏடியும் ஒன்றாக வரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஏபி பாடத்துக்கு, கிரேடுகளின் சராசரியான ஜிபிஏ கணக்கில் பல பள்ளிகள் கூடுதல் மதிப்புத் தருகின்றன. அந்தச் சிறு கூடுதலுக்காகவே பிள்ளைகளை வரிசையாக ஏபி வகுப்புகளில் தள்ளும் பெற்றோர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களோடு எனக்கு ஒருபோதும் உடன்பாடு இல்லை. கல்லூரிக் கிரெடிட் கிடைக்கும், அதாவது அந்தப் பாடத்தைக் கல்லூரியில் முடித்ததாகவே கணக்கிடுவார்கள் என்ற ஆசையும் இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை பெரிதாக வேண்டாம். பொறியியல் படிக்கப் போகிறவர்களுக்குக் கல்லூரிக் கணிதம் கால்குலஸிலிருந்துதான் தொடங்குகிறது, எனவே ப்ரீகால்குலஸுக்குக் கிடைக்கும் கிரெடிட் அவர்கள் படிப்பில் எதையும் குறைப்பதில்லை. கணிதம் அதிகம் தேவைப்படாத துறைக்குப் போகிறவர்களுக்குச் சில கல்லூரிகளில் அது பயன்படலாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், நான்காவது அலகை நடத்துவோம் என்று பள்ளி சொன்னால், அல்ஜீப்ரா 2இல் யாரும் அருகில் உட்காராமலே அவள் நன்றாகச் செய்துகொண்டிருந்தால், அவளும் விரும்பினால், ஏபியை எடுக்கச் சொல்வேன். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஹானர்ஸே போதும். பன்னிரண்டாம் வகுப்புக் கால்குலஸுக்கு அதிலிருந்தும் போகலாம். ஆசிரியர் அவளை ஏபிக்குப் பரிந்துரைக்காவிட்டால், பெற்றோர் கையெழுத்திட்டுச் சேர்க்கும் படிவம் பல பள்ளிகளில் உண்டு. ஆனால் பரிந்துரைக்காததன் காரணத்தை ஆசிரியரிடம் கேட்டறியாமல் அதில் கையெழுத்திடாதீர்கள். வகுப்பு தொடங்கிய பின் எத்தனை வாரங்களுக்குள் மதிப்பெண் சான்றில் குறிப்பு ஏறாமல் ஹானர்ஸுக்கு மாறலாம் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் காலம் பெரும்பாலும் குளிர்கால மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது, ஆகவே இந்த வாரமே துறைத் தலைவருக்கு எழுதுங்கள்.