இட்டு அபாவின் கிணறு

அன்புள்ள ஐயா,
தென்சீனக் கடலில் இட்டு அபா என்றொரு தீவு. நீளம் ஒன்றரை கிலோமீட்டர்கூட வராது. தைவான் கையில் இருக்கும் அதைச் சீனா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் மூன்றும் தங்களுடையது என்கின்றன. பொட்டு நிலத்துக்கு ஏன் இத்தனை மல்லுக்கட்டு? கச்சத்தீவுக் கதையும் இதுதானே?
– ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

மல்லுக்கட்டு சுற்றியுள்ள கடலுக்காகத்தான். ஐ.நா. கடல் சட்டப்படி, மனிதர் வாழ வழியில்லாத பாறைக்குக் கிடைப்பது 12 கடல் மைல். முழுத் தீவுக்கோ 200 கடல் மைல் பொருளாதார மண்டலம்; அதாவது, அங்குள்ள மீன், எண்ணெய் போன்ற வளமெல்லாம் அந்த நாட்டுக்கே. வட்டம் போட்டுப் பாருங்கள்: முதலாவது சுமார் 1,550 சதுர கிலோமீட்டர், இரண்டாவது நான்கு லட்சத்துக்கும் மேல்.

அதனால்தான் இட்டு அபாவின் கிணற்று நீர் ஹேக் நகரத் தீர்ப்பாயம் வரை போனது. 2013இல் சீனா மீது பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கு அது. கிணற்றில் நன்னீர் உண்டு, மீனவர்கள் சிலர் முன்பு தங்கியதும் உண்டு என்று 2016 தீர்ப்பு ஒப்புக்கொண்டது. ஆனால், வெளியிலிருந்து வரும் சரக்கை நம்பியிருக்கும் படையினரைக் குடிமக்களாகக் கணக்கில் எடுக்கவில்லை, பாறைதான் என்றது. சீனாவும் தைவானும் இதை ஏற்கவில்லை. தீவு யாருக்குச் சொந்தம் என்பதைத் தீர்ப்பாயம் தொடவே இல்லை.

என் மனத்தில் நிற்பது அதே தீர்ப்பின் இன்னொரு பகுதி. அதே கடலில் உள்ள ஸ்கார்பரோ என்ற திட்டில் பல நாட்டு மீனவர்களும் காலங்காலமாக மீன்பிடித்து வந்தவர்கள். திட்டு யாருடையது என்று சொல்லாமலேயே, பிலிப்பைன்ஸ் மீனவர்களைச் சீனா தடுத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பாயம் சொன்னது. கொடி யாருடையதாக இருந்தாலும் மீனவரின் பாரம்பரிய உரிமைக்குத் தனியாக ஓர் இடம் உண்டு.

கச்சத்தீவு வேறு. அங்கே 1974இல் இந்திய, இலங்கை அரசுகள் இரண்டும் எல்லை வகுத்துக் கையெழுத்திட்டுவிட்டன. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணமின்றிப் போய்வரலாம் என்று அந்த ஒப்பந்தமே சொல்கிறது. எல்லை தாண்டி மீன்பிடிக்கக் கூடாது என்று 1976இல் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார்கள். ராமேசுவரத்து மீனவரின் வயிற்றில் அடித்தது அதுதான். சென்னை மேடைகளில் தீவை மீட்போம் என்ற முழக்கம் கேட்கிறது; மீன்பிடி உரிமைப் பேச்சு அந்த அளவுக்குக் கேட்பதில்லை. நம் விசைப்படகுகளின் இழுவைமடி யாழ்ப்பாணத்து மீனவரின் வலைகளை நாசமாக்குவதையும் மறைக்கிறோம். அவரும் தமிழர், அவருக்கும் அதே கடல்தான் சோறு. எந்த வலை, எத்தனை நாள், எவ்வளவு தூரம் என்று இரு கரை மீனவர்களும் நேரில் உட்கார்ந்து பேசுவதற்குத் தீவின் பட்டா தேவையில்லை. இரு அரசுகளும் அந்தப் பேச்சுக்கு முதலில் வழிவிடட்டும்.