மேடையில் ஆவியை வரவழைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகக் குழு கோதிக் பாணியில் ஒரு திகில் நாடகம் போடுகிறது. வெள்ளைப் புடவையும் புகையும் இல்லாமல் ஆவியைக் காட்ட வழி உண்டா?

பதில்: உண்டு. 1862இல் லண்டன் ராயல் பாலிடெக்னிக் என்ற அறிவியல் நிறுவனத்தில், விரிவுரையாளர் ஜான் ஹென்றி பெப்பர் காட்டிய கண்ணாடி உத்தி இன்றும் அசத்தும்: மறைவில் நிற்கும் நடிகரின் பிம்பம் கண்ணாடியில் விழுந்து ஆவிபோல் தெரியும். பொறியாளர் ஹென்றி டர்க்ஸின் யோசனையை அவர் மேடைக்கு ஏற்றபடி எளிதாக்கினார்.

கண்ணாடிக்குப் பதில், 6 மி.மீ. தடிமனுள்ள தெளிவான அக்ரிலிக் (பிளாஸ்டிக்) தகட்டைப் பார்வையாளருக்கு 45 டிகிரி கோணத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். 3 மி.மீ. வாங்கினால் வளையும், ஆவியின் முகம் கோணிப்போகும். பக்கத் திரைக்குப் பின்னே, கறுப்புத் துணிக்கு முன்னால் ஆவி நடிகர் நிற்கட்டும். அவர் தகட்டிலிருந்து 2 மீட்டரில் நின்றால், உருவம் தகட்டுக்குப் பின்னே 2 மீட்டரில் தெரியும். கதாநாயகனையும் அந்த ஆழத்திலேயே நிறுத்துங்கள். அவர் கண்ணுக்கு ஆவி தெரியாது என்பதால் தரையில் சாக்பீஸ் குறி அவசியம். ஒத்திகையில் அதிக நேரம் இதற்கே போகும்.

மேடை வெளிச்சத்தைக் குறைத்து, ஆவி மேல் விளக்கை டிம்மரில் மெல்ல ஏற்றுங்கள். சட்டென்று போட்டால் பயம் போய்விடும். அரங்கில் வெளிச்சம் இருந்தால் ஆவியின் உருவம் மங்கிப்போகும். விரல் ரேகையும் காட்டிக்கொடுக்கும். மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள்.

ஆவியால் யாரையும் தொட முடியாது. அந்தத் தடையிலிருந்தே காட்சியை எழுதுங்கள்: கட்டிப்பிடிக்கப் போகும் மகனின் கை தாயின் உருவத்தை ஊடுருவிச் செல்லட்டும்.