இரண்டாம் மாடிக்கு எந்த ஆம்ப் ஏறும்?

வாசகர் கேள்வி – பதில்

பேஸ் கிட்டார் ஆம்ப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை தனியே எடுத்துக்கொண்டோம். எல்லாமே பெங்களூரு வாசகர்கள் கேட்டவை. காம்போ என்றால் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்; ஹெட் என்றால் ஆம்ப் மட்டும், பாக்ஸ் என்றால் ஸ்பீக்கர் பெட்டி மட்டும்.

மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். கையில் இருப்பது 15 அங்குல ஸ்பீக்கர் வைத்த பழைய காம்போ, 30 கிலோவுக்கு மேல். வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வாராவாரம் டிரம்ஸோடு ப்ராக்டீஸ், மாதம் இரண்டு மூன்று கோயில் விழா, ரிசப்ஷன். போகவர ஆட்டோதான். எடை குறைவாக எதை வாங்கலாம்? காம்போவா, ஹெட்டும் பாக்ஸும் தனித்தனியாகவா? — அல்சூர்

முதலில் பாக்ஸைத் தேர்ந்தெடுங்கள், ஹெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கிறது. 800 வாட்ஸ் என்று எழுதிய ஹெட்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் கிடைத்த பாக்ஸை வாங்குகிறார்கள். காதில் விழுவது பாக்ஸின் சத்தம்தான்.

உங்கள் காம்போவின் 30 கிலோ மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கிறது: பவர் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கரின் ஃபெரைட் காந்தம், பலகை. இதில் டிரான்ஸ்ஃபார்மர் பாரத்தை, ஸ்விட்சிங் சப்ளையோடு வரும் இன்றைய கிளாஸ் டி ஆம்ப் அநேகமாக ஒழித்துவிட்டது. 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டை அப்படியே வாங்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு இரும்பு நிறைய வேண்டும். கம்ப்யூட்டரில் இருப்பதைப் போன்ற ஸ்விட்சிங் சப்ளை, அதே கரன்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி அனுப்புவதால் உள்ளங்கை அளவு டிரான்ஸ்ஃபார்மரே போதும். கிளாஸ் டியில் அவுட்புட் டிரான்சிஸ்டர்களும் முழுக்கத் திறந்தோ முழுக்க மூடியோதான் இருக்கும், அதனால் சூடு குறைவு, பெரிய ஹீட்சிங்க்கும் தேவையில்லை. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. வால்வு ஹெட் 300 வாட்ஸுக்கு 40 கிலோ அளவில் கனத்தது. அதன் ஜோடியான எட்டு ஸ்பீக்கர் பாக்ஸ் 60 கிலோவைத் தாண்டும். இன்று 500 வாட்ஸ் ஹெட் 2 முதல் 3 கிலோ. கிட்டார் பையின் முன்ஜேபியிலேயே போய்விடும். ஆகவே ஹெட்டின் எடையைப் பற்றிக் கவலையை விடுங்கள். உங்கள் முதுகை நோகடிக்கப் போவது பாக்ஸ்.

பாக்ஸில் எடையைக் குறைப்பது நியோடிமியம் காந்தம். ஃபெரைட் காந்தம் வைத்த 12 அங்குல ஸ்பீக்கர் 5 கிலோவிலிருந்து 8 கிலோ வரை போகும், நியோடிமியத்தில் அதே வேலையை 3 கிலோ சுமாரில் முடித்துவிடலாம். உங்களுக்கு எங்கள் சிபாரிசு: ஒரே ஒரு 12 அங்குல நியோடிமியம் ஸ்பீக்கர், 8 ஓம்ஸ் (மின்தடை அளவு), ட்வீட்டரை, அதாவது கீச்சொலிக்கான குட்டி ஸ்பீக்கரை, கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், மொத்தம் 11 முதல் 15 கிலோவுக்குள். அதோடு, 4 ஓம்ஸில் 500 வாட்ஸ் தரும் ஏதாவது ஒரு கிளாஸ் டி ஹெட்.

வாங்கும்போது வாட்ஸைவிட சென்சிடிவிட்டி எண்ணைப் பாருங்கள். 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று போட்டிருக்கும். 100 டெசிபல் பாக்ஸுக்கு 200 வாட்ஸ் கொடுப்பதும் 97 டெசிபல் பாக்ஸுக்கு 400 வாட்ஸ் கொடுப்பதும் ஒன்றே. 3 டெசிபலுக்காக ஹெட்டை இரட்டிப்பாக்க வேண்டாம், நல்ல பாக்ஸே அதைத் தந்துவிடும். ஆனால் இந்த எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில கம்பெனிகள் மிட், அதாவது நடு ஒலிகளின் உச்சத்தில் எடுத்த அளவைப் போட்டுவிடுவார்கள், அடியில் ஒன்றும் இருக்காது. சின்னதாக, சத்தமாக, ஆழமாக என்று மூன்றும் ஒரே பாக்ஸில் கிடைக்காது, இரண்டுதான் கிடைக்கும். அதனால் காகிதத்தை நம்பாமல் உங்கள் கிட்டாரைக் கடைக்கே எடுத்துப் போய், நாலாவது கம்பியில் திறந்த நோட்டிலிருந்து ஒவ்வொரு கட்டமாக மேலே வாசித்துப் பாருங்கள். எந்த நோட்டும் தனியாகக் குதிக்கவும் கூடாது, காணாமல் போகவும் கூடாது.

கோயில் மேடையில் கூட்டத்துக்குச் சத்தம் போவது சவுண்ட் சர்வீஸ்காரரின் பி.ஏ. (கூட்டத்துக்கான பெரிய ஸ்பீக்கர்கள்) வழியாகத்தான். ஹெட்டின் டி.ஐ. அவுட்டிலிருந்து (மிக்ஸருக்கு நேரே சிக்னல் அனுப்பும் துளை) எக்ஸ்.எல்.ஆர். வயர் அவருடைய மிக்ஸருக்குப் போகட்டும். டி.ஐ. பக்கத்து ஸ்விட்சை ‘ப்ரீ’ நிலையில், அதாவது குமிழ்களுக்கு முந்தைய சிக்னல் போகும்படி, வையுங்கள். நீங்கள் மேடையில் பேஸ் குமிழைத் திருகினாலும் அவர் பக்கம் மாறாது, சண்டையும் வராது. அப்போது உங்கள் பாக்ஸ் உங்களுக்கும் டிரம்மருக்கும் மட்டும் கேட்டால் போதும். ப்ராக்டீஸ் அறையில் டிரம்ஸோடும் ஒரு பாக்ஸ் சமாளிக்கும். தவிலோ செண்டையோ சேரும் குழு என்றால் பிறகு அதே கம்பெனியில் அதே மாடல் இன்னொன்று வாங்கி, பக்கத்தில் வைக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். மேல் பாக்ஸ் காதுக்குக் கிட்டே வரும், சத்தமும் மேடையின் இரு பக்கமும் சீராகப் பரவும்.

காம்போ மோசமில்லை. ஃபெண்டர் ரம்பிள் 500 இரண்டு 10 அங்குல ஸ்பீக்கரோடு 16.5 கிலோதான். தனியாக 350 வாட்ஸ், வெளிப்பாக்ஸ் சேர்த்தால் 500. இருந்தாலும் மாடி ஏறுகிறவருக்கு ஒரு கையில் பாக்ஸ், தோளில் ஹெட் என்று பாரம் பிரிவதே நல்லது. ஹெட் ரிப்பேர் ஆனால் ஹெட் மட்டும் கடைக்குப் போகும், மொத்தமும் போகாது.

இன்னொன்று: பாக்ஸைத் தூக்கி கடைக்குள்ளேயே இருபது அடி நடந்து பாருங்கள். கைப்பிடி எடையின் நடுவில் இல்லாவிட்டால் பாக்ஸ் சாய்ந்து ஒவ்வொரு படிக்கும் முழங்காலில் இடிக்கும். நடுவில் பிடித்த 14 கிலோவைவிட சாய்ந்து தொங்கும் 12 கிலோ அதிகக் கனம்.

500 வாட்ஸ் ஹெட் வாங்கினேன். ஒரே ஒரு 8 ஓம்ஸ் பாக்ஸ் போட்டால் பாதி வாட்ஸ் வீண் என்கிறார் நண்பர். மூன்று பாக்ஸ் மாட்டினால் முழுசாக வருமா? — ஸ்ரீராம்புரம்

வாட்ஸ் பாதிதான், சத்தம் பாதியில்லை. 4 ஓம்ஸில் 500 தரும் ஹெட், 8 ஓம்ஸில் 250லிருந்து 300 வரை தரும். வித்தியாசம் 2–3 டெசிபல், அவ்வளவே. காதுக்குச் சத்தம் பாதியாகத் தெரிய 10 டெசிபல் குறைய வேண்டும்.

இரண்டு 8 ஓம்ஸ் பாக்ஸ் சேர்ந்தால் 4 ஓம்ஸ், மூன்று சேர்ந்தால் 2.67. ஒரு 8 ஓம்ஸும் ஒரு 4 ஓம்ஸும் சேர்த்தாலும் அதே 2.67தான், தவிர 4 ஓம்ஸ் பாக்ஸ் இரு மடங்கு பவரை இழுத்துக்கொள்ளும். ஹெட்டின் பின்பக்கம் 2.67 அல்லது 2 ஓம்ஸ் என்று அச்சடித்திருந்தால் ஒழிய மாட்டாதீர்கள். முதல் இரண்டு பாட்டு நன்றாகப் போகும், மூன்றாவதில் சூடேறி ப்ரொடெக்‌ஷன் விழுந்து பல்லவி நடுவே ஆம்ப் ஊமையாகிவிடும். பின்னால் இரண்டு அவுட் இருப்பதால் ஓம்ஸ் மாறாது. உள்ளே அநேகமாக இரண்டும் ஒரே இணைப்பு.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் ஒரு ஹெட் கொண்டுவருகிறார். இங்கே அப்படியே போடலாமா? — ராமமூர்த்தி நகர்

அண்ணனிடம் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் பவர் வயரை மட்டும் நம்மூர் மூன்று பின் வயராக மாற்றினால் போதும். 120 என்று மட்டும் இருந்து இங்கே 230இல் சொருகினால் நொடியில் முடிந்தது கதை. சில மாடல்களில் உள்ளே மாற்றும் ஸ்விட்ச் இருக்கும், அப்போது ஃப்யூஸும் மாற வேண்டும், அதை டெக்னீஷியன் செய்யட்டும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாமே என்று தோன்றும். அது ஹெட்டைவிடக் கனம், எடை குறைத்த பலன் போய்விடும்.

கேட்காததையும் சொல்கிறோம். திருவிழாப் பந்தலில் ஜெனரேட்டர் லைனில் நியூட்ரல் லூஸானால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கும். பையில் ஒரு மல்டிமீட்டர் வைத்து, சொருகும் முன் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். 210க்கும் 250க்கும் இடையில் ஆடாமல் நிற்க வேண்டும். ஹம் (ம்ம் என்ற இரைச்சல்) வருகிறது என்று எர்த் பின்னை உடைக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், அது உயிர் சம்பந்தப்பட்டது. டி.ஐ. பக்கத்தில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சை அழுத்துங்கள்.

சர்ச் பேண்டில் ஐந்து கம்பி பேஸ். புதிதாக வாங்கிய லைட் பாக்ஸில் அடிக்கம்பி வாசித்தால் கொரகொர என்கிறது. பேஸ் குமிழைக் கூட்டினால் இன்னும் மோசம். ஸ்பீக்கர் ரிப்பேரா? — காக்ஸ் டவுன்

அநேகமாக ரிப்பேர் இல்லை. குமிழ்தான் குற்றவாளி.

நாலாவது கம்பியின் ‘இ’ 41 ஹெர்ட்ஸ், உங்கள் ஐந்தாவது கம்பியின் ‘பி’ 31 ஹெர்ட்ஸ். சின்ன பாக்ஸ் எதுவும் 31ஐ உருப்படியாகத் தராது. நாம் ‘பி’ என்று கேட்பது அதன் இரட்டிப்பான 62ஐயும் அதற்கு மேலுள்ளதையும்தான், அடியை மூளை நிரப்பிக்கொள்ளும். அதிர்வெண் பாதியானால் அதே சத்தத்துக்கு ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் போய்வர வேண்டும். அதோடு ஓட்டை வைத்த பாக்ஸில், அது ட்யூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே காற்று கூம்பைப் பிடித்து நிறுத்தாது. கூம்பு கட்டவிழ்ந்து அலையும், அதை ஆட்டும் காயில் (கம்பிச் சுருள்) எல்லை தாண்டும். அந்தக் கொரகொரதான் உங்களுக்குக் கேட்கிறது. நீங்கள் பேஸ் குமிழைக் கூட்டியது, கேட்காத இடத்துக்கு இன்னும் பவரைத் தள்ளியது. இப்படியே தொடர்ந்தால் நிஜமாகவே ரிப்பேர் ஆகும்.

பேஸ் குமிழைப் பன்னிரண்டு மணி நிலைக்கு, அதாவது நட்டநடுவுக்கு, கொண்டுவாருங்கள். ஹெட்டில் ஹைபாஸ் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டுவது) இருந்தால் 35–40 ஹெர்ட்ஸில் வையுங்கள், இல்லாவிட்டால் தனிப் பெடலாகவே கிடைக்கும். லோ-மிட் குமிழை, அதாவது 150–250 ஹெர்ட்ஸ் பக்கத்தை, சற்றுக் கூட்டுங்கள். பேஸ் குறைத்த பிறகு பேஸ் அதிகமாகக் கேட்பது விந்தையாக இருக்கும்.

பாக்ஸ் எங்கே நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். முன்முகம் பின்சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 86 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேர் அலையை அடித்துவிடும். அது ‘இ’, ‘எஃப்’ நோட்டுகளின் சதை இருக்கும் இடம். சுவரை ஒட்டித் தள்ளுங்கள். ஓட்டை பின்பக்கம் இருந்தால் மட்டும் ஒரு சாண் விடுங்கள்.

ஸ்பீக்கர் மட்டும் வாங்கி, பாக்ஸைத் தெரிந்த ஆசாரியிடம் செய்துகொள்ளலாமா? — விவேக்நகர்

செய்யலாம், பலகையைத் தேர்ந்தால். உயரம் 48, அகலம் 45, ஆழம் 38 செ.மீ. பாக்ஸுக்கு ஆறு பக்கமும் சேர்த்து 1.14 சதுர மீட்டர் பலகை பிடிக்கும். 18 மி.மீ. பர்ச் பிளைவுட்டில் அது 14 கிலோ, 12 மி.மீ. பாப்லர் பிளைவுட்டில் 6 கிலோ சொச்சம். ஸ்பீக்கர் தாங்கும் முன்பலகையை மட்டும் 18 மி.மீ. வையுங்கள், அரை கிலோதான் கூடும். ஆசாரி “மரைன் பிளை போடலாம், கெட்டியா இருக்கும்” என்பார். கெட்டிதான், கனமும்தான்.

மெல்லிய பலகை அதிரும். அதனால் எதிரெதிர்ப் பக்கங்களை இணைத்து உள்ளே குறுக்குச் சட்டம் கட்டாயம். சட்டத்தை நட்டநடுவில் வைக்காமல் சற்றே தள்ளி வைத்தால் இரு பாதியும் ஒரே நோட்டில் அதிராது. ஸ்பீக்கரும் குழாய்களும் அடைத்தது போக உள்ளே 60 லிட்டர் மிஞ்சும். உள்விட்டம் 10 செ.மீ. உள்ள இரண்டு பி.வி.சி. குழாய், ஒவ்வொன்றும் 24 செ.மீ. நீளம் வைத்தால் 50 ஹெர்ட்ஸ் சுமாரில் ட்யூன் ஆகும். ஆனால் வெட்டும் முன் ஸ்பீக்கர் கம்பெனியின் தாளைப் பாருங்கள், எத்தனை லிட்டர் என்று அவர்களே போட்டிருப்பார்கள். லிட்டர் மாறினால் குழாய் நீளமும் மாறும். வழக்கமாகக் கெடுவது ஓரங்களில் காற்றுக் கசிவு. எல்லா மூட்டிலும் உள்ளிருந்து பசை ஓட்டச் சொல்லுங்கள். ஸ்பீக்கரை மரத் திருகில் மாட்டாமல் டி-நட் (பலகையில் பதியும் இரும்பு நட்) வைத்து போல்ட்டில் மாட்டுங்கள், பாப்லர் மெத்தென்ற மரம், திருகு கழன்று வரும்.

கிட்டார் வயரையே ஹெட்டுக்கும் பாக்ஸுக்கும் இடையே போடலாமா? — இந்திராநகர்

கூடாது. அதன் நடுக்கம்பி நூல் மாதிரி, 300 வாட்ஸ் கரன்ட்டைத் தாங்காமல் சூடாகும். 1.5 சதுர மி.மீ. அல்லது 2.5 இரட்டை வயர், இரு முனையிலும் ஸ்பீக்கான் (ஸ்பீக்கருக்கான பூட்டும் பிளக்), அதில் 1 பிளஸ், 1 மைனஸ் முனைகள். எஸ்.பி. ரோட்டில் சாமான் வாங்கி அரைமணியில் சால்டர் வைத்துவிடலாம். பல கிளாஸ் டி ஹெட்டுகளில் மைனஸ் முனையிலும் சிக்னல் உண்டு. அது எர்த் இல்லை, எதிலும் தொடவிடாதீர்கள்.

பழைய நியோடிமியம் பாக்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது. எப்படிச் சோதிப்பது? — பேகூர்

வயரை மாட்டி அதன் மறுமுனையில் மல்டிமீட்டர் வையுங்கள். 8 ஓம்ஸ் பாக்ஸ் 5லிருந்து 6.5 வரை காட்டும், 4 ஓம்ஸ் 3லிருந்து 3.7 வரை. எண் ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே எங்கோ சால்டர் விட்டிருக்கிறது. பிறகு முன்வலையைக் கழற்றச் சொல்லி, ஐந்து விரலையும் கூம்பைச் சுற்றிப் பரப்பி சமமாக மெல்ல அழுத்துங்கள். பஞ்சு போலப் போய்வர வேண்டும். மணல் உரசுவது மாதிரி ஒரு சிறு சத்தம் கேட்டாலும் காயில் கருகிப் பருத்திருக்கிறது, அல்லது ஸ்பீக்கர் சட்டம் கீழே விழுந்து கோணியிருக்கிறது. ட்வீட்டர் குமிழை முழுக்க வைத்து மெல்லிய சத்தத்தில் ஹார்மோனிக்ஸ் தட்டுங்கள். அது செத்திருந்தால் பாதகமில்லை, மாற்றிவிடலாம், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். உரசல் இருந்தால் பேரம் பேசவே வேண்டாம். கூம்பு மாற்றும் செலவுக்கு மேல் கொஞ்சம் போட்டால் நல்லதே கிடைக்கும்.