அட்டையில் கார்ட்டூன், உள்ளே படுக்கையறைக் காட்சி

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஈரோடு புத்தகத் திருவிழாவில் ‘யங் அடல்ட்’ என்று எழுதியிருந்த அடுக்கிலிருந்து ஓர் ஆங்கில நாவல் வாங்கிக் கொடுத்தேன். அட்டையில் கார்ட்டூன் படம்தான். வீட்டில் புரட்டினால், நடுவில் படுக்கையறைக் காட்சி விலாவாரியாக இருக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். இனி எப்படிப் பார்த்து வாங்குவதுங்க?
– கோபிசெட்டிபாளையம் வாசகி

பதில்: பணம் திரும்புவது கஷ்டம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்கச் சொல்கிறது. பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாள். பக்கம் விட்டுப்போயிருந்தால் குறை. உள்ளே இருப்பது பிடிக்கவில்லை என்பது அதில் சேராது. வேறு புத்தகமாக மாற்றித் தரக் கேட்டுப் பாருங்கள்.

சினிமாவுக்கு ‘யு’, ‘ஏ’ என்று சான்றிதழ் உண்டு. புத்தகத்துக்கு அப்படி யாரும் தருவதில்லை. ‘யங் அடல்ட்’ என்பது பதிப்பாளர்கள் விற்பனைக்காக வைத்த பெயர், ஏறக்குறைய 12 முதல் 18 வயது வரை. ஏழாம் வகுப்புப் பிள்ளையும் கல்லூரிக்குப் போகிற பிள்ளையும் ஒரே அடுக்கில்! போதாததற்கு, பெரியவர்களுக்கான காதல் நாவல்களுக்கும் இப்போது கார்ட்டூன் அட்டைதான் போடுகிறார்கள். அட்டையை நம்பாதீர்கள். பின்னட்டையில் விலைக்குப் பக்கத்தில் ‘14+’ என்று பொடி எழுத்தில் இருக்கிறதா, உள்ளே எச்சரிக்கைக் குறிப்பு உண்டா என்று பாருங்கள். இல்லாமலும் போகலாம்.

அதனால் கடையிலேயே நின்று நடுவில் பத்துப் பக்கம், கடைசியில் பத்துப் பக்கம் படியுங்கள். முத்தமோ, குடியோ, வன்முறையோ வருகிறது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். அதெல்லாம் இந்த வயதுப் பிள்ளைகள் காதில் ஏற்கெனவே விழுந்ததுதான். கதை அதை எப்படி நடத்துகிறது என்பதே முக்கியம். தொந்தரவு செய்கிற பையனை நாயகனாகக் கொண்டாடுகிறதா? அந்தப் பெண் ‘வேண்டாம்’ என்றால் அதற்கு மதிப்பிருக்கிறதா? தற்கொலை வந்தால், செய்யும் விதத்தை விவரிக்கிறதா, உதவி தேடும் வழியைக் காட்டுகிறதா? விதத்தை விவரிக்கும் புத்தகத்தை நான் எந்தப் பிள்ளைக்கும் வாங்கித் தரமாட்டேன்.

அப்புறம், வாங்கிய நாவலைப் பரண்மேல் ஒளித்து வைக்காதீர்கள். ஒளித்தால் அதையேதான் தேடுவாள். “அம்மிணி, இதில் சில பக்கம் உனக்கு இப்போது வேண்டாம்னு எனக்குத் தோணுது, ரெண்டு வருஷம் கழிச்சுப் படி” என்று காரணத்தோடு சொல்லுங்கள். ஏற்கெனவே படித்துவிட்டாள் என்றால் திட்ட வேண்டாம். எந்த இடம் சங்கடமாக இருந்தது என்று கேளுங்கள்.