புலப்படத்தில் ஸ்கேல் வைக்காதீர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தாத்தா வைத்திருந்த பழைய எஃப்.எம்.பி. படம் (நிலத்தின் அளவுகள் எழுதிய புலப்படம்) ஒன்று பெட்டியில் கிடைத்தது. வரப்பு ஓரத்தில் 150 என்று எழுதியிருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் அது அடி என்கிறார், என் தம்பி மீட்டர் என்கிறான். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் இரண்டுமே ஒத்துவரவில்லை. எதை நம்புவது?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் தப்பு. தாத்தா காலத்துப் படம் என்றால் அது லிங்க்ஸ் கணக்கு. அன்றைய சர்வேயர்கள் இழுத்துப் போனது கன்டர் சங்கிலி, 66 அடி நீளம், அதில் 100 லிங்க், ஆக ஒரு லிங்க் 7.92 அங்குலம். உங்கள் 150 என்பது 99 அடி, மீட்டரில் 30-க்குக் கொஞ்சம் மேல். அடி என்று படித்தால் 51 அடி கூடுதலாகக் கேட்பீர்கள், மீட்டர் என்று படித்தால் பக்கத்து நிலமே உங்களுடையதாகிவிடும்! அது என்ன 66 அடி என்று தோன்றலாம். பத்து சதுரச் சங்கிலி சரியாக ஒரு ஏக்கர், ஆயிரம் சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட். வயலில் நின்றபடியே பெருக்கி, புள்ளியை நகர்த்தினால் பரப்பு வந்துவிடும்.

படம் எப்படி வந்தது என்று தெரிந்தால் ஸ்கேல் ஏன் வேலைக்காகாது என்பதும் புரியும். 1802-ல் பரங்கிமலை அருகே ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் முதல் அடிப்படைக் கோட்டை அளந்து ஆரம்பித்த பெரிய முக்கோண அளவையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அதற்கும் உங்கள் வரப்புக்கும் நேரடி சம்பந்தம் இல்லை. வரப்பு வரைக்கும் வந்தது ரயத்துவாரி வரிக்காக (விவசாயியிடமே நேராக வாங்கிய நிலவரி) 1858 முதல் மதராஸ் மாகாணம் தனித் துறை வைத்துச் செய்த வருவாய் அளவை. முதலில் கிராம எல்லையைச் சுற்றி தியோடலைட்டில் கோணம் பிடித்து, மூன்று கிராமம் சேரும் இடத்தில் முச்சந்திக்கல் நட்டு, அப்புறம் உள்ளே ஒவ்வொரு புலமாகச் சங்கிலி போட்டார்கள். புலத்துக்குள் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்து முக்கோணங்களாக்கி, வரப்பு வளைகிற ஒவ்வொரு இடத்துக்கும் அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக எத்தனை லிங்க் என்று எழுதிக்கொண்டார்கள். பழைய படத்தில் குறுக்கே போகும் கோடும் அதன் பக்கத்தில் குட்டிக் குட்டி எண்களும் இதுதான்.

ஆக அளவு என்பது அந்த எண்கள், கோடு அதைப் பார்த்து வரைந்தது மட்டுமே. காகிதம் சுருங்கும், ஜெராக்ஸ் எடுத்தால் கோடு நீளும் குறையும், எண் மாறாது. கிராம வரைபடம் இன்னும் மோசம், ஒரு மைலை 16 அங்குலத்தில் அடக்கியது, எந்த சர்வே நம்பர் எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்கு மட்டும் அதைப் பிரியுங்கள். இன்று இணையத்தில் இறங்கும் எஃப்.எம்.பி. மீட்டரில் இருக்கும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, லிங்க்ஸை 0.2012-ஆல் பெருக்கிப் பாருங்கள். பெரிதாக இடித்தால் பணம் கட்டி தாலுகா சர்வேயரைக் கூப்பிடுங்கள், பக்கத்து நிலத்துக்காரரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

கேள்வி: கடலூரில் பீரங்கி சுட்டு எல்லை வைத்தார்கள் என்பது கதைதானே?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: நிஜம்தான். 1690-ல் மராட்டியரிடம் உங்கள் ஊர்க் கோட்டையை (பின்னால் செயின்ட் டேவிட் கோட்டை) வாங்கிய ஆங்கிலேயர்கள், பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை தங்களுக்கு என்று பேசி, நாலா பக்கமும் சுட்டார்கள். அதற்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். சர்வேயர் தேவைப்படவில்லை.

கேள்வி: எங்கள் பத்திரத்தில் காடஸ்தர் எண் ஒன்று, ஆர்.எஸ். எண் வேறொன்று. பரப்பு குழியில் இருக்கிறது. இரண்டு நிலமா, ஒரே நிலமா?
– வாசகி, பாகூர்

பதில்: ஒரே நிலம், இரண்டு சர்க்கார். காடஸ்தர் என்பது பிரெஞ்சுக்காரர்கள் போட்ட நில எண். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகு, 1967-ல் தனி அளவைச் சட்டம் வந்தது, மறுஅளவை (ரீசர்வே) செய்து புது எண் கொடுத்தார்கள், அதுதான் ஆர்.எஸ். இப்போது பட்டா, படம் எல்லாம் ஆர்.எஸ். எண்ணில்தான் தேட வேண்டும். ஆனால் காடஸ்தர் எண்ணை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள், தாய்ப் பத்திரத்தோடு கோர்க்கிற நூல் அதுதான்.

பரப்பு அங்கே ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று போகும். ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர், நூறு சென்டியார் ஒரு ஆர். உங்கள் பக்கத்துக் குழி 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி, அதாவது சுமார் 53.5 ஆர். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சம்பந்தியிடம் குழிக் கணக்கில் பேசும்போது மட்டும் உஷார், அவர்களுக்குக் குழி 144 சதுர அடிதான்.